அச்சு வாக்கியமும் அடிமை வாக்கியமும்

"கிளிப்பிள்ளை!"

ஒரே சொல்லில் தீர்ப்பு! விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடும் இல்லை. மூன்று தலைமுறையாக ஆங்கிலம் படித்த குடும்பத்திலே பிறந்த கனவான் ஒருவர், திண்டுக்கல் சுற்றுப்புறத்துச் சிற்றூரிலிருந்து வந்த இளைஞன் எழுதிய ஆங்கில விண்ணப்பத்தைக் கையில் எடுக்கிறார். இரண்டு வரி படிக்கிறார். இதழோரத்திலே ஏளன நகை அரும்புகிறது. "பிழை இல்லை; ஆனால் இது இவன் எழுதியதும் இல்லை. யாரோ வார்த்துக் கொடுத்த வாக்கியம். இட்லித் தட்டில் ஊற்றி எடுத்ததுபோல எல்லாம் ஒரே அளவு. கிளிப்பிள்ளை!" என்கிறார். பிழையோடு எழுதினால் 'தற்குறி'. பிழையின்றி எழுதினால் 'கிளி'! இந்த இரண்டு பட்டங்களுக்கும் நடுவே அந்த இளைஞன் கால் ஊன்றி நிற்க ஓரடி நிலம்கூட விட்டுவைக்கவில்லை, கனவான்!

யார் அந்த இளைஞன்? தனியொருவனைக் குறித்துக் கூறவில்லை, தோழர்களே! பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலையிலே சுண்ணாம்புத் தொட்டியருகே நாள் முழுதும் நிற்பவரின் மகன். வேடசந்தூர் வழியிலுள்ள நூற்பாலையிலே இரவுப் பணி முடித்துக் கண் சிவந்து வீடு திரும்பும் தாயின் மகள். சின்னாளபட்டித் தறிக்காரரின் பேரப்பிள்ளை. நாகல்நகரில் பூட்டுக்கு அரம் போடுபவரின் பிள்ளை. இவர்கள் வீட்டுக்கு ஆங்கில நாளேடு வருவதில்லை. வந்தால் மளிகைக் கடைப் பொட்டலமாகத்தான் வரும். இவர்களுக்கு ஆங்கிலம் பள்ளியிலே தொடங்கிப் பள்ளியிலேயே முடிகிறது. பள்ளி தருவதோ மாதிரி வாக்கியம். 'இதைப் பார், இதைப்போல் பத்து எழுது' என்பதே பாடம். எழுதுகிறார்கள். அதற்குத்தான் அந்தப் பட்டம்.

இங்கே எழுவது மொழியாசிரியர்களுக்குள்ளே தீர்த்துக்கொள்ளவேண்டிய முறை பற்றிய சிக்கல் மட்டுமன்று. ஒழுக்கம் பற்றிய கேள்வியும் ஆகும். பிறர் வார்த்த வாக்கியத்திலே தன் எண்ணத்தை ஊற்றுபவன், சிந்திக்கிறானா, சிந்திப்பதுபோல நடிக்கிறானா? போலச் செய்தல் அறிவுக்கு வாயிலா, அடிமைத்தனத்துக்கு விலங்கா? 'எவர் சொல்லையும் அப்படியே ஏற்காதே' என்று ஊரூராய்ச் சென்று முழங்குபவர்கள், 'எழுதிக் காட்டியதை அப்படியே எழுது' என்னும் பாடத்தை எப்படி ஏற்பது? நம் இளைஞர்களே நம்மை நோக்கி வீசும் வினா இது. மழுப்பிவிட்டுப் போவது அழகாகாது.

முதலில் இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். ஹெரால்டு பாமர் என்னும் ஆங்கிலேயர் 1916 இல் நூறு மாற்று அட்டவணைகள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். அட்டவணை என்றால் வேறொன்றுமில்லை. ஒரு வாக்கியத்தை நான்கு கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின்கீழும் மாற்றிப் போடக்கூடிய சொற்களை வரிசையாக எழுதி வைப்பது. யார், செய்தது என்ன, எதை, எப்போது என நான்கு கட்டம். கட்டத்துக்கு ஐந்து சொல். பெருக்கிப் பாருங்கள்: 625 வாக்கியம்! இருபது சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு 625 வாக்கியம் பிழையின்றிச் சொல்லும் ஆற்றல், இலக்கண நூல் முழுவதையும் நெட்டுருப் போட்டவனுக்கும் எளிதில் வாய்க்காதது. பாமர் 1922 இல் ஜப்பான் சென்றார். ஈராண்டு கழித்து அந்நாட்டுக்கு ஆசிரியப் பணிக்கு வந்த ஹார்ன்பி, பாமர் காட்டிய வழியிலே மேலும் நடந்தார். ஆங்கில வினைச்சொற்கள் வாக்கியத்தில் அமையும் வகைகளை இருபத்தைந்து அச்சுகளாக வகுத்தார். டோக்கியோவில் 1942 இல் அவரும் நண்பர்களும் வெளியிட்ட அகராதியில் அந்த அச்சுகள் இடம்பெற்றன; அதுவே 1948 இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக உலகெங்கும் பரவியது. ஆங்கிலேயக் குழந்தைக்காக அன்று, டோக்கியோவிலும் ஒசாகாவிலும் ஆங்கிலம் கற்கத் தவித்த அயலான் பிள்ளைக்காக ஆக்கப்பட்ட முறை இது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

சென்னை மாநிலத்துப் பாடத்திட்டத்திலே இந்த அச்சு முறை 1952 இல் நுழைந்தது. பிறகு மாநில அரசும் பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து ஆசிரியர்களைப் பழக்கும் பேரியக்கம் ஒன்றை நடத்தின. சிலரைப் பழக்குவது, அவர்கள் பலரைப் பழக்குவது, அந்தப் பலர் மேலும் பலரை என்று, தொடக்க வகுப்பு ஆங்கில ஆசிரியர் 27,000 பேரை எட்டுவது திட்டம். ஆங்கில ஆசிரியர்களுக்கான ஏடொன்றில் 1962 இல் வெளிவந்த கட்டுரை இதனைச் 'சென்னைப் பனிப்பந்து' என்றே அழைத்தது. பனியே உருளாத ஊரிலே பனிப்பந்து! பெயர் வைத்தவர்கள் ஒன்றை மறந்தார்கள்: நம் வெயிலில் பனி உருளுவதற்குள் உருகிவிடும். மேலே பழகியவர் பொருளோடு கற்றார். அவரிடம் கற்றவர் முறையைக் கற்றார். கடைசியில் நின்றவருக்கு ஓசை மட்டும் மிஞ்சியது. ஆசிரியர் கதவை நோக்கி நடந்தபடியே 'ஐ ஆம் கோயிங் டு தி டோர்' என்று சொல்லவேண்டும், செயலும் சொல்லும் ஒன்றாய்ப் பதியவேண்டும், அதுதான் முறை. நடந்ததோ? ஆசிரியர் நாற்காலியை விட்டு எழாமல் சொன்னார். அறுபது பிள்ளைகள் பாயில் அமர்ந்தபடியே கூடிக் கூவினர், 'ஐ ஆம் கோயிங் டு தி டோர்' என்று. கதவே இல்லாத ஓலைக் கொட்டகைகளிலும் அந்தக் கதவை நோக்கிய பயணம் நடந்தது! முறையைப் பழிப்போர் பெரும்பாலும் கண்டது இந்தக் கேலிக்கூத்தைத்தான், முறையை அன்று.

சரி, 'கிளி' என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம்.

கனவானைக் கேட்போம். ஐயா, தாங்கள் முதலில் பேசிய ஆங்கில வாக்கியம் தங்கள் சொந்தப் படைப்போ? தந்தை பேசக் கேட்டீர், அவரைப்போல் பேசினீர். சாப்பாட்டு மேசையிலே மாமா சொன்னதை மறுநாள் நீர் சொன்னீர். வீட்டலமாரியிலே இருந்த புத்தகத்தின் நடை உம் நடையாயிற்று. போலச் செய்தலையன்றி வேறு எந்த வழியாய் எந்த மாந்தன் மொழி கற்றான்? வீட்டுக் கூடத்திலே போலச் செய்தவனுக்கு 'இயல்பான புலமை' என்று பெயர். பள்ளிப் பலகையைப் பார்த்துப் போலச் செய்தவனுக்குக் 'கிளி' என்று பெயர்! செய்தது ஒன்று, செய்த இடம் வேறு. இடம் வேறானது பிறப்பால். பிறப்பால் வாய்த்ததைத் திறமை என்றும், உழைப்பால் பெற்றதைப் போலி என்றும் பேசுவது நமக்குப் புதிய பாட்டன்று. பல நூற்றாண்டுகளாகக் கேட்டுச் சலித்த பழைய பாட்டு. இராகம் மட்டும் ஆங்கில இராகம்.

இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789 இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி, அதன்மேல் விரலால் எழுத்தை வரைந்து கற்பதைக் கண்டார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம். முன்னவன் எழுதியதைப் பின்னவன் பார்த்து எழுதுகிறான். அதைத் தம் பள்ளியிலே புகுத்தினார். வளர்ந்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தார். 1797 இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயராலேயே அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. ஸ்காட்லாந்திலே செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரோடு ஒரு பள்ளி நிற்கிறது. தமிழ்நாட்டுத் தெருமணலிலே பார்த்து எழுதிய பிள்ளையைப் போலச் செய்து ஆங்கிலேயன் பிள்ளை எழுத்துக் கற்றபோது எவரும் அவனைக் கிளி என்று அழைக்கவில்லை!

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாஸ்டன் நகரில் அண்ணன் அச்சகத்திலே வேலை கற்கும் சிறுவனாக இருந்தபோது செய்ததும் இதுவே. 'ஸ்பெக்டேட்டர்' என்னும் இலண்டன் இதழின் கட்டுரையைப் படித்து, வாக்கியந்தோறும் சிறு குறிப்பு எடுத்துக்கொண்டு, சில நாள் கழித்து அக்குறிப்பை மட்டும் வைத்துத் தானே கட்டுரையை எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் குறையைத் தானே திருத்திக்கொண்டதாகத் தன் வரலாற்றிலே கூறுகிறார். சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றவரின் பிள்ளை அவர். பள்ளியில் இருந்தது இரண்டே ஆண்டு. பார்த்து எழுதியதற்காக அவர் வெட்கப்படவில்லை. வெளிப்படையாகவே எழுதி வைத்தார்.

பார்த்துச் செய்தல் இழிவு என்போர், நம் திண்டுக்கல்லின் பூட்டுப் பட்டறைக்கு ஒருமுறை வரட்டும். நாகல்நகரிலும் நல்லாம்பட்டியிலும் கையாலேயே பூட்டுச் செய்யும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. எந்திரப் பூட்டு வந்து மலிவு விலையிலே அடித்து வீழ்த்தியபிறகும் எஞ்சி நிற்கும் தொழில். 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற தொழில். அங்கே புதிதாய்ச் சேரும் பையன் என்ன செய்கிறான்? மூத்தவர் வெட்டிய தகட்டை வைத்து அதே அளவில் தகடு வெட்டுகிறான். அவர் அரம் போடுவதைப் பார்த்து அரம் போடுகிறான். மாங்காய்ப் பூட்டு என்றால் மாங்காய் வடிவம்தான். அதை மாற்றிக் காட்டித் தன் 'சொந்தச் சிந்தனை'யை நிறுவ எவனும் முயல்வதில்லை. ஆனால் தோழர்களே, உள்ளே பாருங்கள்! லீவர்களின் வெட்டு பூட்டுக்குப் பூட்டு வேறு. வேறாகத்தான் இருக்கவேண்டும். வெளிவடிவம் ஒன்றாயிருப்பது தேர்ச்சி. உள்வெட்டும் ஒன்றாகிவிட்டால் அது பூட்டே அன்று, எவன் சாவிக்கும் திறக்கும் வெறும் இரும்பு. மாங்காய் வடிவத்தைப் பார்த்துச் செய்ததற்காக அந்தப் பையனைக் கிளி என்போமா? எல்லாப் பூட்டுக்கும் ஒரே வெட்டுப் போட்டால்தான் 'போ, வேறு வேலை பார்' என்பார் பட்டறைக்காரர்.

வாக்கியமும் அவ்வாறே. 'இன்னது நடந்திருந்தால் இன்னது நேர்ந்திருக்கும்' என்பது வடிவம். அதனுள்ளே, 'ஓடையிலே தோல் கழிவு கலக்காதிருந்தால் எங்கள் கிணற்று நீரைக் குடித்திருப்போம்' என்று ஒரு பெண் எழுதுகிறாள் என்று கொள்வோம். வடிவம் ஹார்ன்பியுடையது, கிணறு அவளுடையது. இதிலே எது களவு? எது போலி? மாறாக, வழிகாட்டி நூலில் உள்ள கட்டுரையை மனப்பாடம் செய்து தேர்விலே கொட்டும் பிள்ளையைப் பாருங்கள். பள்ளிகளில் வழங்கும் கதை உங்களுக்கும் தெரியும்: தென்னைமரத்தைப் பற்றிய கட்டுரையை நெட்டுருப் போட்டுப் போனவன், பசுவைப் பற்றி எழுது என்ற வினாவைக் கண்டு, 'பசுவைத் தென்னைமரத்தில் கட்டுவார்கள்' என்று ஒரு வரி எழுதி, பிறகு தென்னைமரத்தை முழுதாக எழுதி வைத்தானாம்! சிரிக்கிறோம். ஆனால் அவனிடம் வடிவமும் பிறருடையது, உட்பொருளும் பிறருடையது. அந்த ஒரு வரி மட்டுமே அவனுடையது. பாவம், அந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பெண் இல்லை!

இதுவரை முறைக்காக வாதாடினோம். இனி முறையையே குற்றக் கூண்டில் ஏற்றவேண்டும். 'கிளி' என்னும் குற்றச்சாட்டு பொய். ஆனால் அதைவிடக் கொடிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு, அது மெய்.

வாக்கிய அச்சு வெறும் வடிவம் மட்டும் அன்று. சில அச்சுகளுக்கு முதுகு உண்டு, அது வளைந்த முதுகு. வெள்ளையர் ஆட்சியிலே கற்பிக்கப்பட்ட கடித மாதிரிகளை எண்ணிப் பாருங்கள். தொடக்கம் 'ஐ பெக் டு ஸ்டேட்' — 'கூற இரக்கிறேன்'! முடிவு 'யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்' — 'தங்கள் மிகவும் கீழ்ப்படிந்த ஊழியன்'! வெள்ளை அதிகாரி இன்னொரு வெள்ளை அதிகாரிக்கு எழுதும்போதும் இதே முடிவைத்தான் எழுதினான். அங்கே அது வெற்று மரியாதை, எவரும் பொருட்படுத்தாத சடங்கு. அதே அச்சு, வரி கட்டமுடியாமல் தாசில்தாருக்கு மனுப் போட்ட குடியானவன் கைக்கு வந்ததும் சடங்காயிருக்கவில்லை; உள்ளபடியே உண்மையாயிற்று! அச்சு ஒன்றே, அவனுக்கு நாகரிகம், நமக்கு நிலைமை.

ஆங்கிலேயன் 1947 இல் போய்விட்டான். அச்சு போயிற்றா? தமிழிலே மொழிபெயர்ந்து தங்கிவிட்டது. விடுப்புக் கடிதம் எழுதும் பிள்ளை 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்' என்று முடிக்கிறான். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலே குறைதீர்க்கும் நாளுக்குச் சென்று நில்லுங்கள். வரிசையிலே நிற்பவர் கையிலுள்ள மனுவைப் பாருங்கள். 'தாழ்மையுடன் சமர்ப்பிக்கும்' என்று தொடங்கும் எத்தனை எத்தனை! கேட்பது என்ன? குடிதண்ணீர், பட்டா, முதியோர் உதவித் தொகை: சட்டம் அவருக்கு உரித்தாக்கிய ஒன்று. உரிமையைக் கேட்பதற்கும் இரக்கும் அச்சு! மனு எழுதித் தருபவர் கெட்டவர் அல்லர்; அவருக்குத் தெரிந்த அச்சு அது ஒன்றே. மரியாதை வேண்டாம் என்று கூறவில்லை. மரியாதை சமமானவர் ஒருவர்க்கொருவர் தருவது. தாழ்மை ஒருவர் மட்டும் தருவது.

ஆகவே கேட்கவேண்டிய வினா, 'அச்சு வேண்டுமா வேண்டாமா' என்பதன்று. எந்த அச்சுகளை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதே வினா. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பிலே பெரிதும் பழக்கப்படும் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள்: உள்ளே வரலாமா, ஐயா? தண்ணீர் குடித்து வரலாமா, ஐயா? விடுப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்; மன்னிக்கவேண்டுகிறேன்; நன்றியுள்ளவனாயிருப்பேன். அனுமதி, வேண்டுகோள், மன்னிப்பு, நன்றி! நல்ல பண்புகளே, ஆனால் இவை மட்டுமா மொழி? வசதியுள்ளோர் பிள்ளைகள் சொற்போர் மன்றத்திலே பழகும் அச்சுகள் வேறு: 'எந்த ஆதாரத்தின்மேல் இதைக் கூறுகிறீர்?' 'அதிலிருந்து இது பெறப்படாது.' 'பலர் நம்புகிறார்கள் என்பதால் மட்டும் அது உண்மையாகிவிடாது.' 'நான் உடன்படவில்லை, காரணம் மூன்று.' இவையும் அச்சுகளே. இவற்றையும் பார்த்து எழுதித்தான் கற்கவேண்டும். 'இட் டஸ் நாட் ஃபாலோ தட்' என்னும் தொடக்கத்தை எவனும் கருவிலே கொண்டு பிறப்பதில்லை. ஒரு பிள்ளைக்கு இரக்கும் வாக்கியத்தையும் இன்னொரு பிள்ளைக்கு வினவும் வாக்கியத்தையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு இருவரையும் ஒரே தேர்வறையிலே உட்கார வைத்து, 'தகுதி, திறமை' என்று பேசுகிறார்களே, இது என்ன நேர்மை?

இரு மொழியே போதும் என்று 1968 சனவரியிலே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானித்தது, தமிழும் ஆங்கிலமும். ஆங்கிலம் உலகத்தைப் பார்க்கும் சாளரம் என்று மேடைதோறும் பேசுகிறோம். சாளரத்தின் அருகே நின்று எட்டிப் பார்க்க அனுமதி கேட்கும் வாக்கியத்தை மட்டும் கற்பித்தால் போதுமா?

மொழியறிஞர்களும் இந்த முறையை விட்டுவைக்கவில்லை. மொழி என்பது திரும்பத் திரும்பச் செய்து பழகிய பழக்கம் மட்டுமே என்னும் கொள்கையை 1959 இல் சோம்ஸ்கி தாக்கினார். இதுவரை எவரும் சொல்லாத வாக்கியத்தைக் குழந்தை சொல்கிறதே, அது எந்தப் பழக்கத்தால் என்று கேட்டார். நம் பக்கத்திலேயே, என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் வேறிடங்களிலும் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். அச்சு வாக்கியத்தைக் கூவச் சொல்லவில்லை. தொடர்வண்டிக் கால அட்டவணையைக் கொடுத்து, இந்த வண்டியைத் தவறவிட்டால் எப்போது போய்ச் சேருவாய் என்று கணக்கிடச் சொன்னார். பிள்ளையின் மனம் பொருளிலே ஊன்றியிருக்கும்போது வடிவம் தானே படிகிறது என்பது அவர் கண்டது. பாயில் அமர்ந்து கதவை நோக்கி நடந்த அறுபது பிள்ளைகளை நினைத்தால், பிரபு பக்கம் உண்மை அதிகம் இருப்பது தெரிகிறது. ஆயினும் பேசக் கற்பது வேறு, எழுதக் கற்பது வேறு. வீட்டிலே ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு, எழுதும் நேரத்திலே பற்றிக்கொள்ள ஒரு கொம்பு வேண்டியிருக்கிறது. 'பொருளை நினை, வடிவம் வரும்' என்று கூறிவிட்டுப் போவது, நீச்சல் தெரிந்தவர் கரையில் நின்று கூறும் அறிவுரைபோல் ஆகிவிடக்கூடும். அச்சையும் கொடு, அதனுள் இடுவதற்குப் பிள்ளையின் சொந்தச் செய்தியையும் கேள். இரண்டில் ஒன்றை மட்டும் தருபவன் பாதி ஆசிரியன்.

இப்போது இன்னொரு விந்தையும் வந்திருக்கிறது. கைப்பேசியிலே நான்கு சொல் தட்டினால் முழுக் கடிதமும் வந்து விழுகிறது. வடிவமும் அதுவே, உட்பொருளும் அதுவே. வழிகாட்டி நூல் செய்ததை வேகமாகச் செய்கிறது, அவ்வளவே. பாமரின் அட்டவணையிலே காலிக் கட்டம் இருந்தது. பிள்ளை அதை நிரப்பவேண்டியிருந்தது. இங்கே நிரப்புவதற்கு ஒரு கட்டமும் மிச்சமில்லை.

அடிமை ஒருவன் ஆண்டையின் எழுத்தைப் பார்த்து எழுதிக் கற்ற வரலாறு ஒன்று உண்டு. நம் வினாவுக்கு அதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. பிரெடரிக் டக்ளஸ், அமெரிக்காவின் மேரிலாந்திலே அடிமையாகப் பிறந்தவர். பால்டிமோர் நகரிலே ஆண்டையின் மனைவி அவருக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினாள், ஆண்டை தடுத்துவிட்டான். படித்தால் அடிமை கெட்டுவிடுவான் என்பது அவன் வாதம். வேதத்தைக் காதால் கேட்பதும் குற்றம் என்று சிலருக்கு விதித்த நம் நாட்டுப் பழைய தரும நூல்களை அவன் படித்திருக்கமாட்டான். ஆதிக்கத்துக்குப் படிப்பு வேண்டியதில்லை, எங்கும் ஒரே புத்திதான். சிறுவன் என்ன செய்தான்? கப்பல் கட்டும் தளத்திலே மரத்துண்டுகளின்மேல் தச்சர்கள் போட்ட அடையாள எழுத்துகளைப் பார்த்து எழுதினான். தெருப் பையன்களிடம் 'உன்னைவிட நன்றாக எழுதுவேன்' என்று வம்புக்கிழுத்து, அவர்கள் எழுதிக் காட்டியதைப் பார்த்துக் கற்றான். வீட்டிலே எவரும் இல்லாத வேளையில், ஆண்டையின் மகன் பள்ளியில் எழுதி முடித்துப் போட்டிருந்த கையெழுத்துப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, வரிகளுக்கிடையே விட்டிருந்த வெற்றிடத்தில், அந்தப் பிள்ளை எழுதியதையே தானும் எழுதினான். எழுத்து ஆண்டை மகனுடையது, மை ஆண்டையுடையது, புத்தகமும் ஆண்டையுடையது. பிள்ளை எழுதிய வரிக்கும் வரிக்கும் நடுவேயிருந்த இடம் மட்டும் டக்ளசுடையது.

ஐம்பது சென்ட் சேர்த்து 'கொலம்பியன் ஒரேட்டர்' என்னும் பேச்சுப் பயிற்சி நூலொன்றை வாங்கினார். மாதிரிப் பேச்சுகளும் மாதிரி உரையாடல்களும் அடங்கிய பள்ளி நூல் அது. அதிலே ஆண்டைக்கும் அடிமைக்கும் நடக்கும் வாதம் ஒன்று உண்டு. தப்பியோடிப் பிடிபட்ட அடிமை, ஆண்டையின் ஒவ்வொரு காரணத்தையும் மறுத்துப் பேசி, முடிவில் விடுதலையே பெறுகிறான். டக்ளஸ் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். கவனியுங்கள்: மாதிரி நூல்தான், ஆனால் கெஞ்சும் மாதிரி அன்று, வாதிடும் மாதிரி. அவருடைய மனத்திலே கொதித்துக்கொண்டிருந்த எண்ணத்துக்கு நாக்குக் கிடைத்தது அங்கேதான் என்று அவரே எழுதியிருக்கிறார். 1838 செப்டம்பர் 3 அன்று தப்பினார். 1845 இல் தம் வரலாற்றை நூலாக எழுதினார். 'இதை ஒரு நீக்ரோ எழுதியிருக்கமுடியாது, யாரோ எழுதிக் கொடுத்தது' என்றார்கள் சிலர். நம் கனவானின் குரல் கேட்கிறதல்லவா?

தப்பிய நாளின் பத்தாம் ஆண்டு நிறைவிலே, 1848 இல், டக்ளஸ் தம் பழைய ஆண்டை தாமஸ் ஆல்டு என்பவனுக்கு வெளிப்படையான கடிதம் ஒன்று எழுதி ஏட்டிலே வெளியிட்டார். கடித இலக்கணம் வழுவாத கடிதம். 'ஐயா' என்று விளிக்கிறார். எழுதத் துணிந்ததற்குக் காரணம் கூறுகிறார். செய்த கொடுமைகளை எடுத்து அடுக்குகிறார். இன்னும் அங்கே சிக்கியிருக்கும் தம் உடன்பிறந்தாரைப் பற்றிக் கேட்கிறார். தம் வீட்டுக்கு வந்தால் தக்கபடி உபசரிப்பதாகவும் சொல்கிறார். கடைசியில், அக்காலத்துக் கடிதம் எழுதுவோர் அனைவரும் 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்று எழுதிக் கையொப்பமிடும் அதே இடத்திலே, தாம் அவனுக்கு உடன்மனிதன், அடிமை அல்லன் என்று எழுதி, கீழே தம் பெயரைப் போட்டார்.